மேசையோரத்து மஞ்சள் சீட்டுகள்

கணினியிலும் கைப்பேசியிலும் நினைவூட்டும் வசதிகள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும், அன்றைய வேலைகளை ஸ்டிக்கி நோட்டில் எழுதித் திரையின் இடப்புற விளிம்பில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை நான் விடவில்லை. இதைக் காலையில் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடுவேன். திறந்த பிறகு எழுத உட்கார்ந்தால், பிறர் அவசரம் என்று அனுப்பியவையே முதலிடம் பிடித்துக்கொள்ளும். நாமாகச் செய்ய நினைத்திருந்தவை பின்னுக்குப் போய்விடும்.

ஒரு சீட்டில் ஒரு வேலைதான் எழுத வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 'செலவுக் கணக்கு' என்று மொட்டையாக எழுதிய சீட்டைப் பார்க்கும்போதெல்லாம், அதில் என்ன செய்ய வேண்டும் என்று மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'பயணச் செலவு ரசீதுகளைச் சரிபார்த்து, 3 மணிக்குள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பவும்' என்று எழுதியிருந்தாலோ, யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. கை தானாகவே ரசீதுக் கோப்பைத் தேடும்.

இந்தச் சீட்டின் அருமை அதன் பசை வலுவற்றதாக இருப்பதில்தான் இருக்கிறது. 1968இல் 3எம் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை ஒன்றை உருவாக்க முயன்றபோது, எளிதில் பிரிந்துவரும் பசைதான் அவருக்குக் கிடைத்தது. அதிலுள்ள நுண்ணிய உருண்டைகள் பரப்பை ஆங்காங்கே மட்டும் தொடுவதால், தாளைக் கிழிக்காமல் எடுத்து மறுபடியும் ஒட்ட முடிகிறது. பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் நழுவி விழுவதால் சலித்துப்போன ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர் 1974இல் அதற்கொரு பயனைக் கண்டார். 1980இல் அது அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. (சீட்டைக் கட்டிலிருந்து கீழிருந்து மேலாக இழுக்காமல் பக்கவாட்டில் உரித்தால் சுருளாமல் நிற்கும், இது தெரியாமல் பசையைக் குறை சொல்பவர்கள் அதிகம்.)

எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றை எடுக்காமல் விட்டுவைப்பதால்தான் பலருக்கு இந்த முறை பலிப்பதில்லை என்பது என் கருத்து. ஒரே இடத்தில் ஒரு வாரம் ஒட்டியிருக்கும் சீட்டு எவ்வளவு பளிச்சென்ற நிறத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அதன் மேலேயே பார்வை போய்வந்தாலும் அதில் எழுதியிருப்பது மனத்தில் பதிவதில்லை. ஆகவே மாலையில் மிஞ்சிய சீட்டுகளை நான் அப்படியே விட்டுச்செல்வதில்லை. மறுநாளுக்கு வேண்டியதைப் புதிய சீட்டில் திரும்ப எழுதிவிட்டுப் பழையதைக் கசக்கிப் போட்டுவிடுவேன். திரும்ப எழுதக் கை வராத வேலை பெரும்பாலும் தேவையற்றதாகவோ, ஒரே சீட்டில் அடங்காத அளவுக்குப் பெரியதாகவோ இருக்கும். 'ஆண்டறிக்கை தயாரிக்கவும்' என்பது நாள்தோறும் இடம் மாறிக்கொண்டே போகும். 'சென்ற ஆண்டு அறிக்கையின் கோப்பைத் தேடி எடுக்கவும்' என்று மாற்றி எழுதினால் அன்று மதியமே முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் திரையின் விளிம்பு பொருந்தாது. வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டிய ஆவணத்தைப் பற்றிய சீட்டைப் பையின் கைப்பிடியில் ஒட்டுகிறேன். அடுத்த மாதத்துக் கெடுக்களை நாட்காட்டிச் செயலியிடம் ஒப்படைத்துவிடுகிறேன், ஏனெனில் தேதி வந்ததும் குரல் கொடுக்கச் சீட்டால் முடியாது. கடவுச்சொல்லை மட்டும், எவ்வளவு அவசரமானாலும், எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.