படுக்கையில் விழுந்தவரை ஒரு சபை தாங்குவது எப்படி

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் யாருக்காவது பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டால், முதல் வாரம் வீடு நிறைந்துவிடும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபம், ஆளுக்கொரு வைத்திய ஆலோசனை. இரண்டாம் வாரம் கூட்டம் பாதியாகும். நான்காம் வாரம் அந்த வீட்டு அம்மா மட்டும் தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ பஹ்ரைனிலோ வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். அன்பு குறைந்ததால் இப்படி ஆவதில்லை. "யாராவது போயிருப்பாங்க" என்று எல்லோரும் நினைப்பதால் ஆகிறது. எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியில் சில விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்றுதானே அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைப் பேர் சொல்லி நியமித்தார்கள்? நாங்களும் அதையே செய்கிறோம். யார் எதைச் செய்வது என்று பேர் போட்ட ஒரு நோட்டு.

நோட்டை வைத்திருப்பவர் ஒருவர்தான். பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுமையான ஒரு அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவர் போய், படுத்திருப்பவரிடமும் பார்த்துக்கொள்பவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், ஜெபம் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். அதனால் "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கீங்க? மாத்திரை வாங்க யாரு போறா? நீங்க கடைசியா எப்போ ஒழுங்கா தூங்குனீங்க?" என்று கேட்க வேண்டும். தேவை அந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

முதல் பதினைந்து நாளுக்குச் சாப்பாட்டு முறை போட வேண்டியதில்லை, அது தானாக வரும். பதினாறாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மதியம் மட்டும். நாலு பேருக்கு அரைக் கிலோ அரிசிச் சோறு, ஒரு குழம்பு, ஒரு காய், பன்னிரண்டரைக்குள். சர்க்கரை, உப்பு விவரம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். சபைக்கென்று இரண்டு தூக்குச்சட்டி வைத்திருக்கிறோம். ஒன்று அந்த வீட்டில், ஒன்று அடுத்து சமைப்பவர் வீட்டில். முன்பு ஆளாளுக்குப் பாத்திரம் கொடுத்தபோது, கழுவித் திருப்பிக் கொடுப்பதே அந்த அம்மாவுக்குத் தனி வேலையாகிவிட்டது.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்டது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று டாக்டரோ நர்ஸோ சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. பார்க்க வருபவர் பாசத்தில் ஜூஸை வாயில் ஊற்ற, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். சாப்பிடலாம் என்று சொன்ன பிறகும் நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். இருமலோ, குரலில் தண்ணீர் கலந்த மாதிரிச் சத்தமோ வந்தால் நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்ல வேண்டும். வீட்டில் திருவிருந்து கொடுக்க வரும் குருவானவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எப்படி, எவ்வளவு கொடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.

படுக்கைப்புண் அடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தோளிலிருந்து தொடை வரை வருமாறு ஒரு போர்வையை நாலாக மடித்து அடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "அண்ணாச்சி, திரும்பிப் படுப்போமா? மூணு எண்ணுதேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கித் திருப்ப வேண்டும். இழுத்தால் தோல் உரியும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. முதுகின் அடி, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அதைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். சபைச் செலவில் வாங்கிய ஏர் பெட் ஒன்றும் சக்கர நாற்காலி ஒன்றும் கோயில் அறையில் இருக்கின்றன. யார் எடுத்தார், எப்போது திரும்பியது என்பதும் அதே நோட்டில்தான்.

பகலில் புரட்ட வாலிபர் சங்கத்துப் பையன்கள் வருவார்கள், ஆண் நோயாளிக்கு. பெண்களுக்குப் பெண்களே. இதில் கூச்சம் பார்க்காமல் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு வழியையும் விட்டுவிடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. நோட்டுக்கார அக்கா கூடப் போய்க் கொடுத்துவிடுவார்.

பண உதவியை ஆராதனையில் பேர் சொல்லி அறிவிப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டு பேர் கையெழுத்தோடு, மருந்துக்கடைப் பில்லை நேரடியாகக் கட்டுகிறோம். வாட்ஸ்ஆப்பில் ஜெபக் குறிப்பு போடும்போது, குடும்பம் சம்மதித்த வரிகள் மட்டுமே. படுக்கையில் கிடப்பவரின் போட்டோ கூடவே கூடாது. இன்னொன்றில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். சங்கக் காணிக்கை (சபையார் கட்டும் சந்தா) பாக்கிப் பட்டியலை இந்த நோட்டின் பக்கத்தில் வைக்கவே கூடாது. பாக்கி வைத்த வெட்கத்தில் கோயிலுக்கு வராமல் போனவர்கள்தான் நோயில் முதலில் தனித்துப்போகிறார்கள்.

பார்க்கப் போவது இருபது நிமிடத்துக்குள், இரண்டு பேர் மட்டும். சங்கீதம் 121 போல எட்டு வசனம் போதும், நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். பேச்சு போனவர்கள் சிலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வாயில் வரும். ஓய்வுநாள் பள்ளியில் படித்த பாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டு, அடுத்த வரிக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். வரும்போது அந்த வீடே அழும்.

பார்த்துக்கொள்பவருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டாயம். திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும். காலை முதல் ஆராதனை முடித்த இரண்டு பேர் எட்டு மணிக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும். எட்டரை ஆராதனைக்கு அந்த அம்மா புறப்படலாம். போன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புகிறோம்.