ஏரித் தண்ணில 22 நிமிஷம்

மேல 14 டிகிரிதான்னு டைவ் கம்ப்யூட்டர் காட்டுச்சு, சரி பரவால்லன்னு இறங்கினா 9 மீட்டர் கிட்ட கோடு போட்ட மாதிரி சட்டுன்னு 6 டிகிரி, அதான் தெர்மோக்ளைன். கன்னத்துல பளார்னு அறை வாங்குன மாதிரி எரிஞ்சுது, அப்புறம் உதடு மரத்து மவுத்பீஸ் வாயில இருக்கா இல்லையான்னே தெரியல. காத்தை விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துடும், 7 மி.மீ. வெட்சூட் (உள்ள தண்ணி புகுற ரப்பர் சூட்) போதும்னு நெனச்சது என் தப்புதான், ஆழம் போகப்போக அதோட நியோப்ரீன் ரப்பர் நசுங்கி மெலிசாயிடும்ல. தண்ணியே உள்ள புகாத ட்ரைசூட் போட்ட ஆளுங்க ஜாலியா சுத்துனாங்க (பொறாமைதான்).

அதை விட பயம் ரெகுலேட்டர், அதாவது டேங்க் காத்தை மூச்சு விடுற அளவுக்குக் குறைச்சு வாய்க்குக் குடுக்குற கருவி. டேங்க்ல இருந்து வர்ற காத்து விரியும்போதே ஜில்லுன்னு ஆகும், 10 டிகிரிக்குக் கீழ ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல (டேங்க்ல மாட்டுற பகுதி) ஐஸ் கட்டுற ரிஸ்க் அதிகம், கட்டிட்டா ஃப்ரீ ஃப்ளோதான், காத்து நிக்காம கொட்டித் தீர்ந்துடும். அதனால குளிர்ல கரைல நின்னு சும்மா மூச்சை இழுத்து இழுத்து டெஸ்ட் பண்ணாதீங்க, அமுக்கினா காத்து பீறிட்டு வர்ற பர்ஜ் பட்டனையும் நோண்டாதீங்க.

22ஆவது நிமிஷம் கூட வந்தவன் கிட்ட கட்டை விரலைக் காட்டிட்டேன், மேல போலாம்னு. கரைக்கு வந்து ஜிப்பைக் கழட்டக்கூட விரல் மடங்கல, அவன்தான் கழட்டி விட்டான், சிரிச்சுக்கிட்டே.