கரையானுக்குப் பிடிக்காத நிலை

2023 பொங்கலுக்கு மாவிலைத் தோரணம் கட்ட வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்தேன். இரண்டாவது அடியிலேயே ஆணி தலையோடு உள்ளே போய்விட்டது. விரலால் அழுத்திப் பார்த்தால், மேலே பெயின்ட் மட்டும் தாள் மாதிரி நிற்கிறது. உள்ளே ஈர மண். வீடு கட்டி நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

அது எங்கள் சொந்தத் தேக்கு. அப்பா வாய்க்கால் கரையில் வரிசையாக வைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி, திருத்துறைப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் விழாத மரம் எது? தென்னையோடு தேக்கும் சாய்ந்தது. விழுந்ததை வீணாக்குவானேன் என்று அறுத்து, நிலையும் கதவும் செய்துவிட்டோம். பதினைந்து வருஷத் தேக்கில் வைரம், அதாவது முற்றிய உள்மரம், எவ்வளவு இருந்துவிடும்? நடுவில் கொஞ்சம். மற்றதெல்லாம் வெள்ளை, முற்றாத வெளிமரம். தேக்கைக் கரையான் தொடாது என்று ஊரில் சொல்வது வைரத்துக்குத்தான் பொருந்தும். வெள்ளை அதற்குப் பொரி மாதிரி.

தட்டிப் பார்த்ததில் உள் நிலைகள் நான்கும் அதே கதைதான். கடைக்காரர் டபிள்யூ.பி.சி. நிலையைக் காட்டினார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது என்றார். நம் ஊரில் கிடைப்பதில் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக், தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி.தான். அதோடு மரத்தூள், சுண்ணாம்புக்கல் மாவு, நுரைக்க வைக்க ஏதோ ஒரு மருந்து. எல்லாவற்றையும் சூடாக்கி அச்சு வழியே இடியாப்பம் போலப் பிழிந்து எடுக்கிறார்கள். தூள் பிளாஸ்டிக்குக்குள் சிறைப்பட்டிருப்பதால் கரையானுக்கும் எட்டாது, ஈரத்துக்கும் எட்டாது.

கடைக்காரர் சொன்னால் நம்பிவிட முடியுமா? ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, பழைய நிலையிலிருந்து கெடாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் சேர்த்து, கொல்லைப் புற்றுக்குப் பக்கத்தில் மாசி மாதம் புதைத்தேன். ஆனியில் தோண்டினேன். தேக்குத் துண்டைக் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. மற்றதன் மேல் மண் வரி ஓடியிருந்தது, அவ்வளவுதான். கழுவினால் போட்டது போட்டபடி. சரி, இதுதான் என்று முடிவு செய்தேன்.

அம்மா மட்டும் தலைவாசலுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "பிளாஸ்டிக்குக்கா மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்ற?" அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? காரைக்குடிக்குப் போய், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய பர்மா தேக்கு நிலை ஒன்று வாங்கினோம். 2014-இல் மியான்மர் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அந்த மாதிரி மரம் இனி பழைய வீடுகளிலிருந்து வந்தால்தான் உண்டு. நவதானியமும் காசும் போட்டு நல்ல நேரத்தில் நிறுத்தினோம்.

உள் நிலைகளில்தான் பாடம் படித்தேன். எங்கள் ஆசாரி நாற்பது வருஷ அனுபவசாலி. மரத்துக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். கீலுக்கு ஒரு அங்குல ஸ்குரூ, அதையும் சுத்தியலால் பாதி இறக்கிவிட்டு மீதியை முடுக்கினார். மரத்தில் நார் இருக்கிறது, ஆணியைக் கவ்வும். இதில் நார் கிடையாது, நுரைதான். மூன்று மாதத்தில் படுக்கையறைக் கதவு தொங்கி, டைல்ஸில் கால்வட்டமாகக் கோடு போட்டுவிட்டது. அப்புறம் கீலை வேறு இடத்துக்கு மாற்றி, முதலில் டிரில்லில் சின்னதாகத் துளை போட்டு, முழுக்க மரை உள்ள இரண்டரை அங்குல ஸ்குரூ இறக்கினோம். மூன்று கீல் இருந்த இடத்தில் நான்கு. அதன்பின் அசையவில்லை. "இது மரமும் இல்ல, குழாயும் இல்ல தம்பி, தனி சாதி" என்றார் ஆசாரி. அவருக்குக் கோபம் என்மேலா, கதவின்மேலா, தெரியவில்லை.

நிலையை வைப்பதும் வேறு முறைதான். மர நிலையை முதலில் நிறுத்திவிட்டு அதை ஒட்டிச் சுவர் எழுப்புவார்கள். இதைப் பூச்சு வேலை முடிந்தபின், ஆங்கர் போல்ட்டால் சுவரோடு முடுக்க வேண்டும். பாரம் முழுக்க வாசலுக்கு மேலே போடும் லிண்டல் உத்தரத்தில் இருக்க வேண்டும். நிலை எதையும் தாங்காது. நாங்கள் பழைய நிலையைப் பெயர்த்துவிட்டு மாட்டியதால் அது ஒரு வகையில் வசதியாகவே போனது.

கொல்லைக் கதவு வேறு கூத்து. அதுவும் டபிள்யூ.பி.சி.தான், மேற்குப் பார்த்தது. பார்வைக்கு மரம் போல இருக்கட்டும் என்று காப்பிக்கொட்டை நிறம் அடித்திருந்தேன். சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்குத் தாழ்ப்பாள் ஓட்டைக்குச் சேராது. ராத்திரி ஏழு மணிக்குச் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் கலந்தது மரத்தைவிடப் பலமடங்கு நீளும். வெயில் படும் பக்கம் நீண்டு, வீட்டுப் பக்கம் நீளாமல் நின்றால் கதவு வில்லாக வளையாமல் என்ன செய்யும்? வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினேன். இப்போது மூன்று மணிக்கும் சேருகிறது, கொஞ்சம் முழங்காலால் முட்டுக்கொடுத்தால்.

கரையான் போய்விட்டதா என்றால், இல்லை. போன ஐப்பசியில் படுக்கையறை நிலை மேலேயே மண் வரி ஏறியிருந்தது. நிலையைக் கடித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் மேல் ஏறி, பக்கத்தில் இருந்த பிளைவுட் அலமாரிக்குப் போயிருக்கிறது. சுவரின் அடியில் துளை போட்டு மருந்து விட்ட பிறகுதான் நின்றது. அதை நிலை மாற்றும்போதே செய்திருக்கலாம்.

அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளை அம்மா வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் தச்சு வேலை நடந்தால் ஒரு மாத விறகு கணக்கு. பி.வி.சி. எரிந்தால் வரும் புகை அமிலப் புகை, நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி எல்லாவற்றையும் சாக்கில் கட்டினேன். கரையான் தின்ற தேக்கு நிலை மட்டும் அடுப்புக்குப் போனது. மண்ணை உதறிவிட்டுப் பார்த்தால் நாலு நாளைக்குத்தான் வந்தது. சாக்கு இன்னும் மாட்டுக்கொட்டகைப் பரணில்தான் கிடக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் இரண்டு தடவை காட்டிவிட்டேன், தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்.