1780-களின் ஸ்டேஸ்: பேட்டர்னும் போனிங்கும் முடிவாயிற்று

கார்செட், அதாவது உடம்பை இறுக்கி வடிவம் தரும் உள்ளாடை, தைக்க உட்காரும்போது முதலில் காலத்தை முடிவு செய்துவிட வேண்டும். பேட்டர்ன், துணி, போனிங் (துணி மடங்காமல் விறைப்பாக நிற்க உள்ளே செருகும் குச்சிகள்; ஒரு குச்சி ஒரு போன்) எல்லாம் அதற்கப்புறம்தான். நான் 1780-களின் ஆங்கிலேய ஸ்டேஸை, அதாவது கார்செட்டின் முன்னோடியை, தேர்ந்தெடுத்தேன். விக்டோரியா காலத்து கார்செட் இடுப்பை இறுக்கி வளைவு காட்டும். ஸ்டேஸ் உடம்பைக் கூம்பாக நிமிர்த்தும். இடுப்புக்குக் கீழே கீறிவிட்ட நாக்குகள் விரிந்து உட்காரும். அந்த நேர்க்கோடுகள்தான் எனக்குப் பிடித்தவை.

பேட்டர்னில் முழுக்க போன் வைத்தது, பாதி வைத்தது என்று இரண்டு வகை உண்டு. நான் எடுத்தது பாதி வைத்தது. போனைச் செருகத் தைக்க வேண்டிய குழல்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு போனும் தனியாகப் பாரம் தாங்க வேண்டும். மட்டமான போனிங் போட்டால் இதில் உடனே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் போட்டது பலீன், திமிங்கிலத்தின் மேல்தாடையில் தொங்கும் தகடு. நம் நகத்தைப் போல அதுவும் கெரட்டின். உடம்புச் சூட்டில் இளகி, போட்டவரின் வளைவுக்குப் பழகிவிடும். அதே குணம் உள்ள பொருளைத்தான் தேடினேன். ஸ்பைரல் ஸ்டீல், அதாவது சுருள் எஃகுக் கம்பியாலான போன், பக்கவாட்டிலும் வளையும், வளைந்த தையல்களுக்கு அருமை. ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, நேர்க்குழலுக்குத் தேவையும் இல்லை. பிரம்பு பழைய முறைதான், ஆனால் கூர்மையாக வளைத்தால் ஒடியும். ஹார்டுவேர் கடையின் தடித்த கேபிள் டை விலை குறைவு, பரவாயில்லாமல் நிற்கிறது. கடைசியில் ஜெர்மனியில் தயாராகும் 5 மி.மீ. செயற்கை பலீனையே வாங்கினேன். சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்ட முடிகிறது. முனையை நகம் தேய்க்கும் அரத்தால் உருட்டிவிட்டால் துணியைக் குத்தாது.

மாதிரியைக் காடாத்துணியில் இரண்டு அடுக்காகத் தைத்து, அதே போனிங்கைச் செருகிப் பார்த்தேன். போன் இல்லாத மாதிரியை நம்பி அளவு திருத்துவது வீண், துணி சுருங்கி எதையும் காட்டாது. நின்றபோது சரியாக இருந்தது. உட்கார்ந்ததும் முன்முனை தொடையில் இடித்தது. கீழே 1 செ.மீ. குறைத்தேன்.

உலோகக் கண்துளைகள் வந்தது 1820-களில், அதனால் கயிற்றுத் துளைகள் கைத்தையல்தான். குத்தூசியால் இழைகளை வெட்டாமல் விலக்கித் துளையிட்டு, சுற்றித் தைக்க வேண்டும். இழை அறாததால் இழுவைக்கு நன்றாகத் தாங்கும். இருபக்கத் துளைகளையும் சற்றே மேலும் கீழுமாகக் குறித்திருக்கிறேன். ஒரே கயிறு சுருளாக ஏறிப் போகும்.

அடுத்து லினன் வெட்டி, 7 மி.மீ. அகலத்தில் குழல்கள் தைக்க வேண்டும்.