பென்சிலால் எழுதிய இலக்கங்கள்

உயர்தர வகுப்பில் நமக்கு வர்த்தகம் கற்பித்த ஆசிரியர் காலமாகிவிட்டார் என்ற செய்தி நமது பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரை நகரில் நான் 25 ஆண்டுகள் நடத்திய பத்திரிகைக் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் கதவில் இப்போது பலகை அடித்திருக்கிறது. சங்க மலரைத் தயாரிக்கும் குழுவினர் ஆசிரியரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். அந்தக் கடையை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நாம் எல்லோரும் மனனம் செய்த 'சில்லறை வியாபாரம்' அத்தியாயத்தை அவர் முடித்த நாள் அது. தனிவியாபாரியின் அனுகூலங்களைச் சொல்லும்படி என்னை எழுப்பினார். மூலதனம் குறைவு, முடிவை விரைவாக எடுக்கலாம், வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பு உண்டு என்று ஒப்புவித்தேன். "அது நான் தந்த குறிப்பு. உன்ரை அப்பாவின்ரை கடையிலை என்ன நடக்குது எண்டு சொல்லு" என்றார். சந்தியில் மண்ணெண்ணெயும் சீனியும் கொப்பியும் பென்சிலும் விற்ற எங்கள் கடையைப் பற்றி, டாக்குத்தர்களின் பிள்ளைகள் இருந்த வகுப்பில் பேச வாய் வரவில்லை. "எங்களுக்குக் கடை இல்லை, சேர்" என்றேன். வகுப்பு சிரித்தது, பாதிப் பேரின் கொப்பிகள் அங்கே வாங்கியவை. ஆசிரியர் சிரிக்கவில்லை. அவருக்குரிய ஈழநாடு பத்திரிகையின் மேல்மூலையில் ஒவ்வொரு நாளும் அப்பா பென்சிலால் அவர் பெயரை எழுதி எடுத்துவைப்பார் என்பதும், மாத முடிவில்தான் காசு என்பதும் எங்கள் இருவருக்குமே தெரியும். "நாளைக்கு ஒரு மணித்தியாலம் கடையிலை இருந்து, பாத்ததை எழுதிக்கொண்டு வா" என்று மட்டும் சொல்லி என்னை இருத்தினார். நான் எழுதவில்லை. அவர் பிறகு கேட்கவுமில்லை, அப்பாவிடம் சொல்லவுமில்லை.

1991இல் மார்கேட் கடையை வாங்கியபோது எனக்கு ஒரு பக்கம் இறைச்சிக்கடை, மறுபக்கம் சப்பாத்து திருத்துபவர், எதிரே ஆணியை எண்ணி விற்கும் இரும்புக்கடை. எல்லாம் உரிமையாளரே நின்று நடத்தியவை. காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டின் நாடாவை வெட்டி, ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் பென்சிலால் வீட்டிலக்கம் எழுதுவேன். மையில் எழுதினால் மறுபக்கம் ஊறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை; அப்பாவின் கை அப்படித்தான் எழுதியது.

2005இல் நகருக்கு வெளியே, மார்கேட், ராம்ஸ்கேட், பிராட்ஸ்டேர்ஸ் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவில் வெஸ்ட்வூட் குரோஸ் அங்காடி வளாகம் திறக்கப்பட்டது. அங்கே கார் நிறுத்தக் காசில்லை. நகரின் நடுவில் நிறுத்தக் காசு வேண்டும். முதலில் பெரிய கடைகளுக்கான கூட்டம் அங்கே போயிற்று. அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. இறைச்சிக்கடை மூடியதும், சனிக்கிழமை இறைச்சி வாங்கிவிட்டு என்னிடம் பத்திரிகைக் கணக்கைத் தீர்ப்பவர்கள் வருவது நின்றது. ஒரு கடை மூடினால் அதன் வியாபாரம் பக்கத்துக் கடைக்கு வந்து சேரும் என்று நமது குறிப்பின்படி நினைத்திருந்தேன். அது பக்கத்துக் கடையையும் இழுத்துக்கொண்டு போகிறது. 2009 ஜனவரியில் நாடு முழுவதும் வூல்வொர்த்ஸ் என்ற பெரிய பல்பொருள் நிறுவனத்தின் கடைகள் மூடப்பட்டபோது, பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான் என்று கண்டோம். அதில் எங்களுக்கு எந்த ஆறுதலும் இருக்கவில்லை.

வணிக வரியை இங்கே வருமானத்தைப் பார்த்து விதிப்பதில்லை. கட்டடத்தின் வாடகைப் பெறுமதியைப் பார்த்து விதிக்கிறார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த மதிப்பீடு, பொருளாதார வீழ்ச்சிக்கு முந்திய 2008 ஏப்ரல் வாடகைகளை அடிப்படையாகக் கொண்டது. 2015இல் வரவேண்டிய அடுத்த மதிப்பீட்டை அரசாங்கம் 2017க்குத் தள்ளிப்போட்டது. சிறு வியாபாரிகளுக்கு இருந்த சலுகையின் எல்லைக்கு என் கடை சற்று மேலே நின்றது. பாதி வீதி வெறுமையாகிக் கிடந்தபோதும், வீதி நிறைந்திருந்த காலத்து வாடகையின்படி நான் வரி கட்டினேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நகரைத் தூக்கி நிறுத்த முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 2011இல் கடற்கரையில் டேர்னர் கலைக்கூடம் திறந்தது; 2012இல், நலிந்த கடைவீதிகளை மீட்க அரசாங்கம் தொடங்கிய மேரி போர்ட்டாஸ் திட்டத்தின் முதல் 12 நகரங்களில் ஒன்றாக மார்கேட் தெரிவாகி, ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண் பெற்றது. பழைய நகர்ப்பகுதியில் கோப்பிக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் வந்தன. அவை நல்லவை, இளைஞர்கள் உழைத்து நடத்துகிறார்கள். ஆனால் தையல் நூலோ மின்குமிழோ வாங்க வந்த கிழவிக்கு அங்கே வேலை இல்லை.

2016இல் கடையை மூடிய நாளன்று 19 பத்திரிகைகளுக்கு இலக்கம் எழுதினேன். வாங்கிய புதிதில் 240 எழுதினேன்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் கடை நின்ற இடத்தில் தொலைபேசி நிறுவனமொன்றின் கிளை இருந்தது. ஆசிரியரின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அவர் மாலையில் விறாந்தையில் இருப்பார் என்று நண்பன் சொன்னான். நாளைக்குப் போகலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் எனக்கு விமானம். ஆசிரியரின் அந்தியேட்டி முடிந்த பிறகு அதே நண்பன் தொலைபேசியில் சொன்னான்: நான் இங்கிலாந்தில் கடை வைத்திருப்பதை அறிந்த நாளிலிருந்து, "அவன் வந்தால் கூட்டிக்கொண்டு வா, கடை எப்பிடிப் போகுது எண்டு கேக்கவேணும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.