சாட்சியில் வராத உப்பு

சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு உப்பின் குணம் தெரியும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் கூடப் போடுவோம். அது சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தைக் குறைக்கலாம், உப்பு போகாது. அதற்கு உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ. வேண்டும், மிச்சத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வேண்டும். செலவைக் கேட்டால் முதலாளிகளுக்குத் தலை சுற்றும். திருப்பூரில் பல வருடம் அந்தக் கழிவுத் தண்ணீர் நொய்யல் ஆற்றுக்குத்தான் போனது. பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியது.

நான் லேபில் இருந்த பட்டறையின் முதலாளி, ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்துக்குப் போய், பாவம் மன்னிக்கப்பட்டு இரட்சிக்கப்பட்டேன் என்று வந்தார். குடி நின்றது, ஆட்களை ஏசுவது நின்றது. நடிப்பென்று சொல்ல மாட்டேன். என் பாவங்களையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்று சபையார் முன்னால் சாட்சி சொல்வார். (ராத்திரி ஷிப்டில் நாங்கள் சாயத்தண்ணியை ஆற்றில் விட்டுக்கொண்டுதான் இருந்தோம்.)

பாய்லர்காரர் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏனுங்க சார், சாமி மன்னிச்சுட்டாருன்னா செரிங்க. எங்க மாமனார் கெணத்துல உப்பு அப்படியேதானுங்க கெடக்குது?"

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பது ஞாயிறு பள்ளி மனப்பாடம். கிரியையில்லாத, அதாவது செயலில்லாத, விசுவாசம் செத்தது என்று பைபிளில் யாக்கோபு சொல்வதும் தெரியும். விசுவாசமா கிரியையா என்று நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்ட கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999ல் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்தே போட்டார்கள். ஆனால் அந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இரண்டே பேர்: கடவுளும் பாவியும். கிணற்றுக்காரர் எங்கே? அவர் பட்ட நஷ்டத்தை அவரைக் கேட்காமல் இன்னொருவர் எப்படித் தள்ளுபடி செய்வது?

சிலுவையில் மனம் திரும்பிய கள்ளனைக் காட்டுவார்கள். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை, சரி. எங்கள் முதலாளிக்கு இருந்ததே. எரிகோ ஊர் வரி வசூல்காரன் சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் (நாலு மடங்காக) கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். அது இரட்சிப்பின் அடையாளம்தான், விலையல்ல என்றார் எங்கள் சபைப் போதகரான ஐயர். இருக்கட்டும். அடையாளமாகவாவது எரிகோவில் பணம் கைமாறியிருக்கும்.

விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. எங்களுடையதும் மூடியது. அந்த மாதச் சாட்சியில் முதலாளி அதைச் சாத்தானின் சோதனை என்றார். ஊரே அல்லேலூயா சொன்னது. வழக்குப் போட்டவர்கள் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.