மிளகாய்த்தூள் கூடத்துக்கு மாநில உரிமம் வாங்கிய அனுபவம்

ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டிவிடும் என்று தெரிந்ததும், 2022-இல் எங்கள் மசாலாத்தூள் கூடத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான மாநில உரிமம் கேட்டு விண்ணப்பித்தோம். அதுவரை இருந்தது வெறும் பதிவுச் சான்றிதழ்; அன்றைய விதிப்படி 12 லட்சம் வரைதான் அது செல்லும். உணவு உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் படிவம் நிரப்புவது, வரைபடமும் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையும் ஏற்றுவது எல்லாம் பெரிய வேலையில்லை. ஆளைப் பிழிந்தெடுத்தது, கூடத்தின் சுகாதாரம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும், உரிம விதிகளின் நான்காம் அட்டவணைதான்.

ஆய்வுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்டது: "வற்றல் எந்த வழியாக வருகிறது, தூள் எந்த வழியாகப் போகிறது?" இரண்டுக்கும் ஒரே வாசல். காம்பு கிள்ளும் இடத்துத் தூசி பாக்கெட் போடும் மேசைவரை வந்துகொண்டிருந்தது. பின்சுவரை இடித்துத் தனி வாசல் வைத்து, நடுவில் தடுப்பும் போட்டோம். உரிமக் கட்டணத்தைவிட அந்தக் கொத்து வேலைக்குத்தான் பணம் கரைந்தது. புதிதாகக் கூடம் கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டும் முன்பே அட்டவணையைப் படித்துவிடுங்கள்.

வற்றலை அரைக்கும் பல்வரைசர் இயந்திரத்திலிருந்து தூள் இறங்கும் வாயில் காந்தம் வைக்கச் சொன்னார் அலுவலர். அரைத்து முடித்துக் காந்தத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். மை போலக் கரும்பொடி ஒட்டியிருந்தது. இயந்திரத்தின் பற்கள் தேய்ந்து உதிர்ந்த இரும்பு அது. சிவப்புத் தூளுக்குள் கிடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அன்றுமுதல் காந்தத்தைத் துடைக்கும் வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை.

பாக்கெட் போடும் அக்கா ஒருவர் கண்ணாடி வளையலைக் கழற்ற மனமில்லை என்றார். வற்புறுத்தவில்லை, காம்பு கிள்ளும் பகுதிக்கு மாற்றினோம். அவர் மனமும் நோகக்கூடாது, வளையல் துண்டும் தூளில் விழக்கூடாது.

மழைக்கால வற்றல்தான் இன்றும் பெரிய கவலை. ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், கூடவே அஃப்லடாக்சின் என்னும் நஞ்சும் வரலாம். கிலோவுக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் சட்டம் அனுமதிப்பதில்லை. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. அதனால் ஈரமானி வைத்து மூட்டை மூட்டையாகப் பார்த்தே இறக்குகிறோம்.

உரிமம் வந்தபின், ஒரு கடைக்காரர் தூளில் சிக்கு வாடை அடிக்கிறது என்று போன் செய்தார். பாக்கெட்டிலிருந்த பேட்ச் எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டைப் புரட்டினேன். எந்த மூட்டை வற்றல், என்றைக்கு அரைத்தது, எந்தெந்தக் கடைக்குப் போனது எல்லாம் அதில் இருந்தது. மாலைக்குள் அந்த பேட்ச் முழுவதையும் திரும்ப எடுத்துவிட்டோம்.